70 வளைவுகள், ஒரு ஃபியட், ஓர் ஈரத் துண்டு

எட்டு வளைவு தூரம் கட்டி இழுக்க 3,000 ரூபாய் கேட்ட அந்த பிக்கப் வண்டிக்காரரை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கயிறும் எங்களுடையது என்பதுதான் உச்சம். கொல்லிமலைக்கு வழி எது, எங்கே சாப்பிடலாம், எவ்வளவு செலவாகும் என்று ஒழுங்காக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதெல்லாம் பிறகு வரும், வந்தால்.

சேலத்திலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும் பயணம். ஆட்கள் மூன்று பேர்: 71 வயது அப்பா, 43 வயது நான், 13 வயது மகன். வண்டி 1986-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. 1974-லேயே அந்தக் காருக்குப் பத்மினி என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்றாலும் எங்கள் வீட்டில் இன்றுவரை அது ஃபியட்தான். என்னிடம் ஏசி உள்ள, கியர் மாற்றவே தேவையில்லாத நல்ல கார் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப் போகலாம் என்றேன். "காலுக்கு வேலையில்லாத வண்டியில் மலை ஏறுவதற்கு வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம்" என்றார் அப்பா. அவருக்கு வேறொரு கணக்கும் இருந்தது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பெல்லாம் 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கிவிட்டார்கள். 2023-இல் அந்தப் பணத்தைக் கட்டி, பசுமை வரியும் கட்டி, பெயின்டும் அடித்துத் தகுதிச் சான்று வாங்கினார். அன்றிலிருந்து வண்டி மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டுமே போய்வந்தது. "அவ்வளவு கொட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒரு மலையாவது ஏறட்டும்."

அப்பா 31 வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் சரக்கு ஏற்றினால் குவாஹாத்தி, கண்ட்லா என்று எங்கெங்கோ போய்விட்டு வருவார். மாதத்தில் ஏழெட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அந்த நாட்களிலும் பாதியைத் தூங்கிக் கழிப்பார். 1997-இல் இந்த ஃபியட்டைப் பழைய வண்டியாக வாங்கினார். அவருக்கும் எனக்கும் பேச ஏதாவது இருந்தது என்றால் அது அதன் பானட்டுக்கு அடியில்தான். பேச்சு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். "பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்" என்பார். எடுத்துக் கொடுப்பேன். தவறானதைக் கொடுத்தால் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கையை மறுபடி நீட்டுவார். பேரனை "சாமி" என்று கூப்பிடுகிற அதே மனிதருக்கு, என்னைக் கூப்பிட ஓர் இருமல் போதும்.

நாமக்கல் வரை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வழிச் சாலை, எல்லோரும் எங்களை முந்தினார்கள், சிலர் ஜன்னலை இறக்கிப் படம் எடுத்தார்கள். நாமக்கல்லுக்குள் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளைப் பார்த்ததும் மகன் ஆரம்பித்தான். முகமே இல்லாமல், வெறும் சட்டமும் சக்கரமுமாக நிற்கிற வண்டிகள் ஏன் அப்படி நிற்கின்றன?

"தொழிற்சாலையில் சேஸ் மட்டும்தான் கொடுப்பார்கள் சாமி. கேபினும் பாடியும் இங்கேதான் கட்டுவது. அங்கிருந்து அதை அப்படியே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கதவு கிடையாது, கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு பலகையைக் கட்டி உட்கார்ந்துகொள்வோம். மழை பெய்தால் கோணிச் சாக்கு. தூசிக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. முன்னால் போகிற லாரி கல்லைத் தெறிக்க விட்டால் நெஞ்சில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்."

"தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் தாத்தா?"

"வராது. மாற்று டிரைவர் ஓட்டினாலும் எனக்கு வராது. 31 வருடத்தில் என்னோடு வந்தவர்களில் ஒரே ஒருவர் ஓட்டும்போதுதான் தூங்கியிருக்கிறேன்."

அந்த ஒருவர் யார் என்று மகன் கேட்க, அவரது ஊர், மீசை, அவர் பாடும் பாட்டு என்று காளப்பநாயக்கன்பட்டி வரை கதை ஓடியது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டே வந்தேன். மேலே ஒன்றுமில்லாத சேஸில் உட்கார்ந்து அப்பா மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். 43 வருடம் ஆகியிருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். மகன் சொல்கிறான்.

காரவள்ளி அடிவாரம். இங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. தமிழ்நாட்டில் கார் ஓட்டத் தெரியும் என்று பீற்றிக்கொள்கிற யாரையும் இங்கே அனுப்பினால் இருபதாவது பலகைக்குள் உண்மை வெளியே வந்துவிடும். முன்பக்கம் ஒரே நீள இருக்கை என்பதால் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், மகன் நடுவில். கியர் தரையில் இல்லை, ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். இடது கையால் கியரை இழுத்து, அதே மூச்சில் பவர் இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, அடுத்த நொடியே எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். பத்து வளைவில் சட்டை நனைந்தது. முப்பதில் தோள்பட்டை போயிற்று. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இருமல்கூட இல்லை. நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

43-ஆவது வளைவில் வந்தது வினை. மேலிருந்து ஒரு பெரிய வெள்ளைக் கார், சாலையின் நடுவில், விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டு இறங்கியது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, விதி. நிறுத்திவிட்டு ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது இறங்குகிறவனைவிட ஏறுகிறவனுக்குத்தான் கஷ்டம் என்பதற்காக வைத்த விதி. அந்த வெள்ளைக் காருக்கு அது தெரியவில்லை, அல்லது விதி விலை குறைந்த கார்களுக்கு மட்டும் என்று நினைத்திருக்கலாம். நான் பின்னால் எடுத்து ஒதுங்கினேன். அவர் போனார். அவருக்குப் பின்னாலேயே வரிசையாக இன்னும் ஐந்து கார்கள். உச்சி வெயில், கொதிக்கும் என்ஜின், காற்று வாங்க வழியில்லாமல் வண்டி நின்றபடி உறுமியது. ஆறாவது கார் கடந்ததும் கிளப்பினேன். நாலு முறை இருமியது, நின்றுவிட்டது. இந்த இருமல் அப்பாவுடையது அல்ல.

அப்பா இறங்கிப் பின்சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்தார். "பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே" என்றார். இந்த வண்டியின் கை பிரேக் ஓர் அலங்காரப் பொருள். ஆகவே நாற்பது நிமிடம் பிரேக்கை மிதித்தபடி நான் உள்ளேயே இருந்தேன். பானட்டைத் தூக்கிவிட்டதால் எதிரே ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள் மட்டும் வந்தன.

"பெட்ரோல் தீர்ந்துவிட்டதா தாத்தா?"

"இருக்கிறது. ஆனால் சூட்டில் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகிவிட்டது. பம்ப் ஆவியைத்தான் இழுக்கிறது. நீ ஜூஸ் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை உறிஞ்சினால் கொர்ர் என்று வருமே, அதுதான் இங்கேயும்."

"புதுக் காரில் ஏன் இப்படி வராது?"

"அதில் பம்ப் டேங்க்கிற்குள்ளேயே பெட்ரோலில் முங்கிக் கிடக்கிறது. இதில் என்ஜின் மேலேயே திருகி வைத்திருக்கிறான், அடுப்பில் உட்கார வைத்த மாதிரி."

பின்சக்கரத்துக் கல் எனக்கு வேறொன்றை நினைவுபடுத்தியது. எனக்கு 19 வயதில் இதே வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தார் என்றா சொல்வது? ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, என் புதுச் செருப்பில் ஒன்றைக் கழற்றச் சொல்லி, பின்சக்கரத்துக்கு நாலு விரற்கடை தள்ளி வைத்தார். "கிளட்ச்சைப் பாதி விட்டு எடு. சக்கரம் செருப்பைத் தொடக் கூடாது." அவ்வளவுதான் பாடம். கிளட்ச் என்றால் என்ன, பாதி என்றால் எது, எதுவும் கிடையாது. அந்த வாரம் வலது செருப்பு அறுந்தது. அடுத்த மாதம் அவர் வந்தபோது இடதும் போயிற்று. மூன்றாம் முறை சக்கரம் செருப்பைத் தொடவில்லை. அவர் செருப்பை எடுத்துத் தட்டி, என் காலடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். ஜூஸ், ஸ்ட்ரா, அடுப்பு எல்லாம் அப்போது எங்கே இருந்தன என்று பானட்டைப் பார்த்துக் கேட்க நினைத்தேன். பொறாமைதான், மறைப்பானேன்.

இந்த நேரத்தில்தான் அந்த பிக்கப் மேலே ஏறி வந்தது. ஓட்டுநர் இறங்காமலே விலை சொன்னார். மலை மேலிருக்கும் செம்மேடு ஊர் வரைக்கும் அல்ல, எட்டு வளைவு தள்ளி அகலமான இடம் வரைக்கும் 3,000. அங்கிருந்து மெக்கானிக்கை வரவழைக்கத் தனியாக. அதற்கு அவரிடமே எண் இருக்கிறதாம். அப்பா டிக்கியைக் காட்டி, "கயிறு நம்மிடம் இருக்கிறது தம்பி, இப்போது எவ்வளவு?" என்றார். 2,800. அப்பா சிரித்துவிட்டார். செல்போனில் சிக்னல் இல்லை, வெயில் ஏறுகிறது, நானாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். மாட்டிக்கொண்டவனிடம் பிடுங்குகிற இந்தப் பிழைப்பு மலையேறும் சாலைகளில் கூடிக்கொண்டே போகிறது. பேரம் பேசக் கூசாதீர்கள், முடிந்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

தேவை தண்ணீர்தான். எங்கள் பாட்டில்களை மகன் முப்பதாவது வளைவுக்குள் காலி செய்திருந்தான். கீழிருந்து அரசு பஸ் ஒன்று வந்தது. வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் மெதுவாக நின்றது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி, "பம்ப்பா?" என்றார். "பம்ப்தான்" என்றார் அப்பா. இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று ஜன்னல் வழியாக வந்தது. பஸ் போய்விட்டது. காசு கேட்கவில்லை, அறிவுரை சொல்லவில்லை. அதே சாலை, பத்து நிமிட இடைவெளி, இரண்டு மனிதர்கள்.

அப்பா தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றினார். காய்ந்ததும் மறுபடி நனைத்தார், மூன்று முறை. மூன்றாவதை மகன் செய்தான். பிறகு குரல் வந்தது: "இப்போது எடு." பிடித்துக்கொண்டது. மகன் போட்ட கூச்சலில் குரங்குகள் மரத்தை விட்டு இறங்கின. அடுத்து என்ன? ஏற்றம், பாதிக் கிளட்ச், பின்சக்கரத்துக்கு அடியில் கல். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அப்பா குனிந்து கற்களைப் பொறுக்கிச் சாலையோரம் போட்டார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையை எட்டிப் பார்த்தோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கும் எங்களிடம் மிச்சமிருந்த நேரத்துக்கும் அது ஆகாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் இருந்ததே! ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்கும் கிழங்கு அது. தோலைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். சைவம் என்று சத்தியம் செய்தாலும் நாக்கு நம்பாது. டம்ளர் 30 ரூபாய். அப்பா மூன்று டம்ளர் குடித்தார். நான் இரண்டு. தோள்பட்டை வலி போனதற்குச் சூப் காரணமா, உட்கார்ந்தது காரணமா என்று வாதாட மாட்டேன். போனால் குடியுங்கள். மலையின் அன்னாசியும் பலாவும்கூட நல்லவைதான், ஆனால் அவை கீழே வந்து கிடைக்கும். இந்தச் சூப்பை அந்தக் குளிர்காற்றில்தான் குடிக்க வேண்டும்.

இறங்கும்போது அப்பா ஓட்டுவார் என்று சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பே போய்விடும். ஏறிய கியரிலேயே இறக்க வேண்டும், வேகத்தை என்ஜின் பிடித்துக்கொள்ளும். எங்களை முந்தி இறங்கிய புதுக் கார்களிலிருந்து பிரேக் கருகும் வாசனை அடித்தது. "என்ன நாற்றம் இது?" என்றான் மகன். ஸ்ட்ரா, அடுப்பு என்று ஏதாவது உவமை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. 38-ஆவது வளைவில் மகன் கிசுகிசுத்தான்: "அப்பா, தாத்தா தூங்கிவிட்டார்."

திரும்பிப் பார்த்தேன். தலை கதவில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்த ஐந்து வளைவுகளை மூச்சுவிடாமல் ஓட்டினேன் என்றே சொல்லலாம். 32-இல் கொஞ்சம் நேரான இடம் வந்தது, மூன்றாவது கியருக்கு மாற்றினேன்.

"இரண்டுக்கு வா" என்றார், கண்ணைத் திறக்காமல்.

வந்தேன். காரவள்ளி வரை இரண்டிலேயே வந்தேன். அவர் வாயும் திறந்தபடியே இருந்தது.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: பெட்ரோல் 2,300 ரூபாய். லிட்டர் நூறைத் தாண்டிய காலத்தில் மலையில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் மட்டுமே கொடுக்கும் வண்டியை எடுத்துப்போனால் அப்படித்தான் ஆகும். சாப்பாடு, சூப், பழம் எல்லாம் சேர்த்து 900. காலையில் கிளம்புகிறவர்கள் ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள், வெயிலும் வெள்ளைக் கார்களும் எழுந்திருக்காது. குடிக்க ஐந்து லிட்டர், வண்டிக்கு ஐந்து லிட்டர் என்று தண்ணீரைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு ஒன்று 120 ரூபாய். பழையது கரியும் எண்ணெயும் பட்டு வீணாகிவிட்டது என்றும், வண்டியை நிறுத்தியது நான்தான் என்பதால் அந்தக் காசு என் கணக்கில்தான் வரும் என்றும் அப்பா மகனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.