சொன்னது பொய்யில்லை

ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதற்குள் என் ஆய்வுக்கு இன்னும் நாலு கிலோ கடற்பஞ்சு தேவைப்பட்டது. பஞ்சு என்று பெயர், ஆனால் கடலடியில் ஒட்டி வாழும் உயிர். அன்றைக்கு நான் அப்படிப் பேசியதற்கு இதுவும் காரணமோ என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை.

காசிமேட்டில் எனக்காகப் பஞ்சை ஒதுக்கி வைக்கும் அண்ணன், சட்டைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார். தங்கச்சி மகளுக்கு ரத்தப் புற்றுநோய். “இன்னா மருந்து சார் இது? கொஞ்சம் படிச்சி சொல்லு.”

சைட்டராபின். “அண்ணே, நீங்க தூக்கிப் போடுற பஞ்சு மாதிரி ஒண்ணுலேர்ந்து வந்ததுதான் இது” என்றேன்.

பொய்யில்லை. 1950-களின் தொடக்கத்தில் பெர்க்மான் என்ற வேதியியலாளர், ஃபுளோரிடா கடல் பஞ்சு ஒன்றில் விசித்திரமான நியூக்ளியோசைடுகளை, டிஎன்ஏ போன்றவற்றைக் கட்டும் துண்டுகளைப் போன்றவற்றை, கண்டார். ரைபோஸ் என்ற சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் அராபினோஸ் என்ற வேறு சர்க்கரை. அதைப் பார்த்துத்தான் பிறகு சைட்டராபினை உருவாக்கினார்கள். புற்று செல் அதைத் தன் சரக்கென்று நம்பி டிஎன்ஏவில் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் நகலெடுக்க முடியாமல் திணறும். 1969-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் மருந்தைச் செய்வது ஆலையில், பஞ்சிலிருந்து பிழிந்தெடுப்பதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் அவரிடம் சொல்லவில்லை. கேட்கவில்லையே என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

மறுவாரம் அவர் வீட்டு மாடியில் பஞ்சு காய்ந்துகொண்டிருந்தது. “அரைச்சி தேன்ல கொழச்சிக் குடுக்கலாமா சார்?”

பதறிவிட்டேன். ஓடி ஒளிய முடியாத உயிர் அது, மற்றது தன்னைத் தின்னாமலிருக்கத்தான் உடம்பில் ரசாயனம் வைத்திருக்கிறது, இது வேறு இனம், விஷமாகக்கூட இருக்கலாம் என்று கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்போ அன்னிக்கி ஏன் சார் சொன்ன?”

ஆறுதலுக்கு என்றேன். அது உண்மைதான் என்று சில நாள் தோன்றும். சில நாள், அந்த நாலு கிலோ நினைவுக்கு வரும். காய்ந்ததையெல்லாம் பையில் அள்ளி என்னிடமே கொடுத்தார். பிடித்த கையோடு எத்தனாலில் போடாத பஞ்சு என் வேலைக்கு ஆகாது. இருந்தும் வாங்கிக்கொண்டேன்.

நீ செய்ததில் தப்பில்லை என்கிறார்கள் ஆய்வகத்தில். இருக்கலாம். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலும் இதே சைட்டராபின் கதையைத்தான் எழுதுகிறோம். அங்கே யாரும் அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டதில்லை.