கையுறைக்குள் ஒளியும் பசி

கோத்தகிரி பக்கம் டிசம்பர், ஜனவரியில் பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால், முதலில் குழந்தையைத் தேட வேண்டும். ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா, காலுறை, கையுறை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பளி. மூக்கு மட்டும் தெரியும். உறைபனி விழும் ஊரில் இதைக் குறை சொல்ல முடியாது. பிறந்த குழந்தையின் உடல்சூடு சீக்கிரம் இறங்கிவிடும். ஆனால் வீடு வீடாகப் போகும் செவிலியரான எனக்கு அந்தக் கையுறைமேல் மட்டும் ஒரு கோபம் உண்டு. குழந்தை பாதிப் பேச்சைக் கையால்தான் பேசுகிறது.

பசித்த உடனே எந்தக் குழந்தையும் அழுவதில்லை. தூக்கத்திலேயே நெளியும். வாயைத் திறந்து மூடும், நாக்கை நீட்டும், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்பித் தேடும். அப்புறம் கை வாய்க்குப் போகும். இவ்வளவுக்கும் யாரும் வரவில்லை என்றால்தான் அழுகை. அழ ஆரம்பித்த குழந்தை மார்பைச் சரியாகப் பிடிக்காது. உடம்பை விறைத்துக்கொண்டு தலையைப் பின்னுக்குத் தள்ளும். அம்மா பதறுவாள். பக்கத்தில் நிற்கும் யாராவது "பால் பத்தல போலிருக்கு" என்பார்கள். பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் ஊரிலேயே இருக்கும் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. எங்கள் ஆஷா அக்காவோடு நானும் போவேன். எடை, தொப்புள், காய்ச்சல் எல்லாம் பார்த்தபிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, "கொஞ்ச நேரம் எதுவும் செய்யாம பாப்பாவையே பாரும்மா" என்று சொல்லி நானும் கட்டில் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். கை வாய்க்குப் போவதை அந்த அம்மா தானே கண்டுபிடிக்கட்டும் என்றுதான். நான் சொல்லிக்கொடுத்தால் நான் கிளம்பியதும் மறந்துவிடும்.

"குளிருமே சிஸ்டர், மூஞ்சியைக் கீறிக்குமே" என்பார்கள். நகத்தை வெட்டிவிடலாம். குளிர்கிறதா என்பதை வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தாலே தெரியும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றால் குளிரத் தொடங்கிவிட்டது. குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே கம்பளியைப் போர்த்துங்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. பொகோட்டாவும் ஊட்டியைப் போலக் குளிரான மலை ஊர்தான். நெஞ்சோடு கிடக்கும் குழந்தை நெளிந்தால் அம்மாவுக்குக் கண்ணால் பார்க்காமலே தெரியும்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று பாட்டிகள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. அடுப்படியில் இருந்துகொண்டே "அது பசி இல்ல, தூக்கத்துக்கு அழுவுது" என்று சொல்லி, தூளியில் போட்டதும் தூங்கவும் வைத்துவிடுவார்கள். எப்படிப் பாட்டி தெரிந்தது என்றால், கண் சொருகுவதையும் காதைத் தேய்ப்பதையும் சொல்வார்கள். எங்கள் பயிற்சிக் கையேட்டில் இருப்பதும் அதுதான். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விடாமல் அழும் குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது, அதாவது சுளுக்கிக்கொண்டது என்று துணியில் போட்டு உருட்டுவது வேண்டவே வேண்டாம். ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் அழுகை உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். சாயங்காலத்தில் விடாமல் பால் கேட்பதும் அப்படித்தான். நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது.

அப்பாக்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். தேயிலை லாரி ஓட்டும் ஒருவர், இரண்டு மாதக் குழந்தையின் முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தார். குழந்தை கொஞ்சம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. அவர் அந்தப் பக்கம் போய் ஆட்டினார். மறுபடி திருப்பியது, விரல்களை விரித்தது, விக்கல் வந்தது. "போதும்னு சொல்லுதுண்ணா, கொஞ்சம் விடுங்க" என்றேன். கிலுகிலுப்பையைக் கீழே வைத்தார். சிறிது நேரத்தில் குழந்தையே திரும்பி அவர் முகத்தைப் பார்த்து 'ங்கா' என்றது. "என்னைப் பிடிக்கலையோன்னு நெனச்சேன் சிஸ்டர்" என்றார். முகத்தைத் திருப்புவது கோபமில்லை, இளைப்பாறுவது என்று தெரியாமல் மனம் நோகும் அப்பாக்கள் நிறைய.

இதற்கு நேர் எதிரும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், சத்தம் கொடுத்துப் பார்க்கும், கடைசியில் பார்வையைத் திருப்பிக்கொள்ளும். பால் கொடுத்தபடி போன் பார்க்கும் அம்மாக்களிடம் இதைச் சொல்லலாமா என்று யோசிப்பேன். பெரும்பாலும் சொல்வதில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காதவளுக்கு அந்தப் போன்தான் ஒரே ஆறுதல்.

"எங்க பாப்பா தங்கம் சிஸ்டர், அழவே அழாது" என்று சொல்லும் வீடுதான் எனக்குப் பயம். இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையும் மஞ்சள் காமாலை உள்ள குழந்தையும் பசித்தாலும் கேட்காமல் தூங்கிப் போகும். அவர்களை இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். எழுப்பியும் குடிக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். எங்கள் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டி வர நேரமாகும்.

இதில் எனக்கு இன்னும் வழி புரியாதது தற்காலிகக் கூலிக்குப் போகும் அம்மாக்கள் விஷயம். 2017இலிருந்து சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. எஸ்டேட்டில் பெயர் பதிந்தவருக்கு அது கிடைக்கும். பக்கத்துச் சிறு தோட்டங்களில் நாள்கூலிக்குக் கொழுந்து பறிப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? கை வாய்க்குப் போவதைப் பார்க்கக் கற்றுக்கொண்ட அம்மா அந்த நேரத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கிறாள். பார்ப்பது பாட்டி, இல்லாவிட்டால் பக்கத்து லைன் வீட்டு அக்கா. அதனால் இந்த மாதத் தாய்மார் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். வந்தால் நான் பேச அதிக நேரம் கிடைக்காது, அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.