பாம்பைக் கண்ட உடம்பும் கேள்வித்தாளைக் கண்ட உடம்பும்

படிவம் 5. மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம் அரசுச் சோதனைக்கு முந்தின பெர்சுபான், அதாவது ஒத்திகைச் சோதனை. கூடுதல் கணிதம், இரண்டாம் தாள். தலைக்கு மேலே காற்றாடி சுற்றுகிறது, ஆனாலும் முதுகெல்லாம் வியர்வை. விரல் நுனி மட்டும் ஐஸ் மாதிரி சில்லிட்டுக் கிடக்கிறது. முதல் கேள்வியை மூன்று தடவை படித்தேன். எழுத்து தெரிகிறது, அர்த்தம் ஏறவில்லை. முந்தின ராத்திரி கடகடவென்று போட்ட பெம்பெசாவான் (வகையிடல்) கணக்குதான் அது. பேனாவைப் பிடித்தபடி இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளில் எனக்கு 31 மதிப்பெண்.

வீட்டுக்கு வந்து, "எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதும்மா" என்று அழுதேன். அப்படி இல்லை என்று புரிய மூன்று வாரம் ஆனது. படித்ததெல்லாம் உள்ளேதான் இருந்தது. அதை வெளியே எடுக்க விடாமல் உடம்பு வேறு வேலையில் இறங்கியிருந்தது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இந்த வருடம் சோதனைக்கு உட்காரும் தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்குப் புரியவைத்தது அப்பா சொன்ன பாம்புக் கதை. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஒரு நாள் வெட்டின மட்டைகளை இழுத்து அடுக்கும்போது, அடியில் நாகம் படமெடுத்து நின்றிருக்கிறது.

"எப்படிப் பின்னால குதிச்சேன்னு எனக்கே தெரியலம்மா. பாத்தா நாலடி தள்ளி நிக்கிறேன். நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது, வாய் காஞ்சிபோச்சு."

"அப்புறம் என்னப்பா செஞ்சீங்க?"

"அது பாட்டுக்கு அது போச்சு. நான் கொஞ்சம் நடந்தேன், தண்ணி குடிச்சேன். கை நடுக்கம் நின்னுச்சு. பத்து மணிக்குப் பசி எடுத்துச்சு, சோத்துப் பொட்டலத்தப் பிரிச்சேன்."

காய்ந்த வாய், திக்குதிக்கு நெஞ்சு, நடுங்கும் கை. எல்லாம் எனக்கும் நடந்தது. அவருக்கு எதிரே பாம்பு இருந்தது. எனக்கு எதிரே இருந்தது ஒரு தாள்.

உயிரியல் பாடத்தில் இதை 'லாவான் அதாவ் லாரி' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். எதிர்த்து நில், இல்லாவிட்டால் ஓடு. மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து என்று கண்டதும், நாம் நிதானித்து யோசிப்பதற்கு முன்பே, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குச் சேதி போய்விடுகிறது. அங்கிருந்து பரிவு நரம்பு மண்டலம் வழியாக, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குக் கட்டளை. அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சுக்குழாய் விரிகிறது, கல்லீரல் சேமித்து வைத்த கிளைகோஜனைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. என் விரல் சில்லிட்டது அதனால்தான்.

இதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தவர் ஹார்வர்டில் இருந்த உடலியல் அறிஞர் வால்டர் கேனன். 1915ல் இதை விரிவாக எழுதினார். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, பூனைகளின் செரிமானத்தை அவர் எக்ஸ்ரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுபோவதைக் கண்டார். சோதனை நாள் காலையில் அம்மா கட்டித் தந்த நாசி லெமாக் தொண்டையில் இறங்காமல் நின்றதே, அதே சங்கதி. அம்மா கோபித்துக்கொண்டார். பாவம், அது என் கையில் இல்லை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அட்ரினலின் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதன் பின்னால் கார்ட்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவாக வரும், உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். அளவாக இருந்தால் இரண்டுமே நல்லவை, நம்மை விழிப்பாக வைத்திருக்கும். மிஞ்சிப்போனால், நெற்றிக்குப் பின்னால் இருக்கும், கணக்குப் போடுகிற மூளைப்பகுதி தடுமாறும். படித்தது நினைவில் இருந்தும் கூப்பிட்டவுடன் வராது. பாம்புக்கு முன்னால் நிற்கிறவருக்குப் பெம்பெசாவான் எதற்கு? உடம்பு அதன் கணக்கில் சரியாகத்தான் செய்கிறது.

அப்பாவுக்கும் எனக்கும் இருந்த பெரிய வித்தியாசம் வேறு. அவர் குதித்தார், நடந்தார், பாம்பு போனது, விஷயம் முடிந்தது. என் பாம்பு போகவே இல்லை. பெர்சுபான் முடிந்தால் எஸ்.பி.எம், ராத்திரி படுத்தால் 31 என்ற எண். ஓடுவதற்குத் தயாரான உடம்பை நாற்காலியில் மாதக் கணக்கில் கட்டிவைத்திருந்தேன். அம்மாவைப் பார்த்தபோது இது இன்னும் உறைத்தது. அப்பா பணி ஓய்வு பெற்றால் தோட்ட வீட்டைக் காலி செய்யவேண்டும். அந்தக் கடிதம் எப்போது வரும் என்று ஒரு வருடமாக அம்மா சரியாகத் தூங்கவில்லை. கிளினிக்கில் ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள், தூக்கத்தையும் கவலையையும் பற்றித்தான் முதலில் விசாரித்தார்கள். வாசலில் மோட்டார் சத்தம் கேட்டாலே அம்மாவின் முகம் மாறும். கடன், வாடகை, மேலாளர் அலுவலகத்திலிருந்து வரும் ஆள், எல்லாமே இன்று நமக்குப் பாம்புதான். ஆனால் எதன் முன்னாலும் குதித்து ஓட முடியாது.

அதனால் நான் முதலில் மாற்றியது படிக்கும் நேரத்தை அல்ல, சாயங்காலத்தை. தினமும் அரை மணி நேரம் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) கோவில் வரை வேகமாக நடந்தேன். ஓடத் தயாரான உடம்புக்கு அந்த ஓட்டத்தைக் கொடுத்துவிடுவது. அப்பா பாம்புக்கு அப்புறம் நடந்த மாதிரி. இரண்டாவது, ராத்திரி கோப்பி ஓவை, பால் இல்லாத காப்பியை, விட்டேன். காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், பத்து மணிக்குக் குடித்தால் விடிகாலை மூன்று மணிக்கும் அது உள்ளே விழித்திருக்கும். தூக்கம் போனால் படித்தது தங்காது. இதில் நான் பிடிவாதமாகச் சொல்வேன்: சோதனைக்கு முந்தின இரவு கண் விழிப்பதை யார் பெருமையாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மூச்சு. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தைக் கொஞ்சம் நிதானப்படுத்தும். ஐந்தாறு தடவை போதும். ஆனால் மண்டபத்தில் முதல் தடவையாகச் செய்தால் பலிக்காது. ஒரு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு பயிற்சித் தாளுக்கும் முன்னால் செய்து பழகவேண்டும். பயிற்சியையும் கடிகாரம் வைத்து, பக்கத்தில் தம்பியை உட்காரவைத்துச் செய்தேன். கொஞ்சம் படபடப்போடு எழுதிப் பழகினால்தான் அங்கே அது புதிதாகத் தெரியாது.

இன்னொன்று எனக்கு ரொம்ப உதவியது. 2011ல் ஜெரார்டோ ராமிரெஸ், ஷான் பைலாக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம் தங்கள் பயத்தை அப்படியே எழுதிவைத்த மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். பயம் அதிகமுள்ளவர்களுக்கே பலன் அதிகம். நான் பள்ளிக் கேண்டீனில் உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் எழுதினேன். "அப்பா ஓவர்டைம் செஞ்சு டியூஷன் காசு கட்டினாரு, நான் தோத்துட்டா?" என்பது முதல் வரி.

உயிரியல் தாளிலேயே இந்தக் கேள்வி வந்தால், 'இதயத் துடிப்பு கூடும்' என்று மட்டும் எழுதி விடாதீர்கள். எதனால் கூடியது, கூடியதால் என்ன பயன் என்று சங்கிலியாக எழுதுங்கள். அட்ரினலின் சுரந்தது, துடிப்பு கூடியது, ஆக்சிஜனும் குளுக்கோஸும் தசைகளுக்கு வேகமாகப் போனது, செல்களில் சுவாசம் கூடி ஆற்றல் கிடைத்தது. உங்கள் உடம்பில் நடந்ததை நினைத்துக்கொண்டால் வரிசை தவறாது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு காரணமில்லாமல் அடிக்கிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கிளினிக்கிலோ சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவித் தொலைபேசி 15555. "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று யாராவது சொன்னால், அவர் பேச்சைத் தள்ளி வையுங்கள்.

எஸ்.பி.எம் அன்று காலையிலும் நெஞ்சு அடிக்கத்தான் செய்தது. உடம்பு தயாராகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் கேள்வி மிரட்டியது. அதை விட்டுவிட்டு, மூச்சை நீளமாக விட்டு, நான்காவது கேள்வியில் தொடங்கினேன். இரண்டு கணக்கு முடிந்து பக்கத்தைத் திருப்பும்போதுதான் கவனித்தேன், விரல்களில் சூடு திரும்பியிருந்தது.