தடுப்பணையைத் திட்டிவிட்டு வந்தோம்

போன மாதம் குடும்பத்தோடு, ஆந்திர எல்லையில் பாலாற்றங்கரையில் இருக்கும் புல்லூர் கனகநாச்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம். வாணியம்பாடிப் பக்கத்து ஆட்கள் அங்கே போனால், சாமி கும்பிட்ட கையோடு பாலாற்றுத் தடுப்பணையைப் பார்த்து ஆந்திராவைத் திட்டுவது வழக்கம். 5 அடியாக இருந்ததை 2016இல் 12 அடியாக்கிவிட்டார்கள், அது நிரம்பி வழிந்தால்தான் நமக்குத் தண்ணீர், பின்னே திட்டாமல்? நானும் திட்டினேன். பக்கத்தில் நின்ற, ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பெரியவர் (அவர் வீட்டிலும் தமிழ்தானாம்) சிரித்தார். “வுட்டா மட்டும் இன்னா பண்ணப் போறீங்க தம்பி, தோலுதானே கழுவப் போறீங்க?”

சுருக்கென்றது. என் அப்பா முப்பது வருஷம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலை உருட்டும் டிரம் ஓட்டியவர். நான் படித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் வரும். வந்ததும் முதல் வேலை, அந்த உப்பு போக ஊறவைத்து அலசுவது. அப்புறம் மயிர் கழல சுண்ணாம்பும் சல்பைடும். தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டார்கள், வாரக்கணக்கில் ஆகும். 1970களில், பாதி பதனிட்ட தோலாக அனுப்பாதே, முடித்த சரக்காக ஏற்றுமதி செய் என்று மத்திய அரசு நெருக்க, சீக்கிரம் முடிகிற குரோமியப் பதனிடல் வேகமாகப் பரவியது. தோல் நீலமாக டிரம்மிலிருந்து விழும். அப்பா லுங்கியில் அந்த நீலம் எத்தனை துவைத்தாலும் போனதில்லை.

எல்லோரும் குரோமியத்தைத்தான் பேசுகிறார்கள், எனக்கென்னவோ எங்கள் நிலத்தைக் கொன்றது உப்பு என்றுதான் தோன்றுகிறது. குரோமியத்தையாவது அடியில் படியவைத்துப் பிரிக்கலாம், உப்பு தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும், சாதாரணச் சுத்திகரிப்பில் நிற்காது. ஆர்.ஓ. வைத்து, காய்ச்சி எடுத்தாலும் அந்த உப்பைக் கொட்ட இடம் வேண்டுமே! எங்கள் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும், பருப்பு வேகாது. வாளியை இரண்டு நாள் வெயிலில் விட்டால் உள்பக்கம் வெள்ளையாகப் பொரிந்திருக்கும். தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது, கடைசியில் மரத்தையே வெட்டிவிட்டோம்.

வழக்குப் போடாமல் இல்லை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற அமைப்பு 1991இல் போட்ட வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவன்தான் காசு கட்டவேண்டும் என்றது, ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. சட்டம் படிக்கிறவர்களுக்கெல்லாம் அது பாடம். சரி, எங்களுக்கு? 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் நஷ்டஈடு கொடு என்று உத்தரவு போடவேண்டி வந்தது. இடையில் 28 வருஷம் போயிருக்கிறது. இன்றும் மழை பிடித்தால் மாராப்பட்டுப் பாலத்தில் நின்று பாருங்கள், ஆறு நுரைத்துக்கொண்டு போகும். வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் ஆந்திராக்காரர்கள் இல்லை.

அந்தப் பெரியவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும், நாங்கள் பேசியது எதையும் காதில் வாங்காமல், அணைத் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில் அதைக் கொதிக்கவைத்து டீ போட்டார். பால் திரியவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.