பேர்மிட் காணிக்கு என்ன விலை?

போன மாதம் கிளிநொச்சி தருமபுரத்தில் சித்தப்பாவின் காணியைப் பார்க்க ஒருவர் வந்தார். சித்தப்பாவுக்கு விற்கிற எண்ணமில்லை, சும்மா விலை கேட்டுப் பார்க்கிற ஆசை. வந்தவர் கிணற்றைக்கூட எட்டிப் பார்க்கவில்லை, படலையடியில் நின்றே கேட்டார்: "உறுதியோ, பேர்மிட்டோ?" உறுதி என்றால் முழு உரிமை, பேர்மிட் என்றால் அரச காணிக்குக் கிடைத்த அனுமதிப்பத்திரம். பேர்மிட் என்றதும் அவர் சொன்ன விலை, அடுத்த ஒழுங்கையில் உறுதிக் காணி போன விலையில் பாதிகூட வராது. அதே செம்மண், அதே தண்ணி.

இந்தக் காணி அப்பப்பாவுக்கு, அரச காணியைப் பங்கிட்டுக் கொடுக்கிற காணிக் கச்சேரியில் கிடைத்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் காணியில்லாத குடும்பங்களுக்கு அரச காணியைக் கொடுக்கத்தான் வந்தது. காசுக்குப் பதிலாகக் காட்டை வெட்டு, குடியிரு, செய்கை பண்ணு என்றார்கள். பிரதேச செயலாளரைக் கேட்காமல் விற்க முடியாது, நினைத்தபடி துண்டாட முடியாது, நினைத்த இடத்தில் ஈடு வைக்கவும் முடியாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரை எழுதி வைக்காமல் ஆள் செத்தால், பிள்ளைகளில் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். அக்காமார் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற காலம் அது.

வெளியூர்களில் எப்படி என்று தேடினால் ஆம்ஸ்டர்டாம் வந்தது. 1896இலிருந்து அந்த நகரம் தன் நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுகிறது. விற்பனைக்குக் கட்டும் வீடென்றால், வீடு போகக்கூடிய விலையிலிருந்து கட்டும் செலவைக் கழித்து, மிச்சத்தை மண்ணின் விலையாக வைக்கிறார்கள். வசதி குறைந்தவர்களுக்கான வாடகை வீடென்றால் மண்ணுக்குத் தனியாக, மலிவான விலை. சிங்கப்பூரில் அரசின் அடுக்குமாடி வீட்டை வாங்கினாலும் அது 99 வருடக் குத்தகைதான். ஆம்ஸ்டர்டாமிலும் மண்ணுக்கு ஒரே விலை கிடையாது, ஆனால் யார் இருக்கப் போகிறார் என்று பார்த்து விலை வைக்கிறார்கள். எங்களிடம் வாங்க வருகிறவர் பேப்பரைப் பார்த்து விலை வைக்கிறார்.

2024இல் 'உறுமய' என்று பேர்மிட் காணிகளுக்கு முழு உரிமை கொடுக்கும் திட்டம் தொடங்கினார்கள், 20 இலட்சம் உறுதிகள் இலக்கு. சித்தப்பாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை. எனக்கு அரை மனசு. வங்கிக் கடன் சுலபமாகும், அது சரி. ஆனால் உறுதி கைக்கு வந்ததும் கலியாணச் செலவுக்கும் வெளிநாடு போகிற ஏஜென்சிக் காசுக்கும் முதலில் போவது காணிதான், ஏ9 வீதியோரத்தில் வேண்டுவதற்கு ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். அப்புறம் கொடுக்க அரசின் கையில் காணி மிஞ்சாது. காணியில்லாத அடுத்த பிள்ளை எந்தக் கச்சேரிக்குப் போவது?

இருந்தாலும் சித்தப்பா விண்ணப்பிக்கத்தான் போகிறார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அப்பம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த பொலித்தீன் பையிலிருந்து பேர்மிட்டை எடுத்து விரித்தார். மடிப்புகள் கிழிந்து, மை மங்கி, அப்பப்பாவின் பெருவிரல் அடையாளம் மட்டும் தெளிவாக இருந்தது. பின்னுரித்தாளர் என்ற இடத்தில் பெரியப்பாவின் பெயர். 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மரணச் சான்றிதழ் எடுத்தால் பெயர் மாற்றலாம் என்றார் விதானையார். அப்பம்மா பேப்பரை வாங்கி, மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்தார்.