சுடுதண்ணீர்க் குளத்துச் சிலேபிகள்

வண்ணார்பேட்டையில் பைக்கை எடுக்கும்போது காலை ஐந்து மணி. தச்சநல்லூர், தாழையூத்து தாண்டி கங்கைகொண்டான் போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. விடிவதற்குள் வந்துவிடு என்று அத்தான் சொல்லியிருந்தார். அக்கா வீட்டுக்காரர், அந்தப் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் ஆபரேட்டர். அவர்கள் ஆலையில் ஒரு சுடுதண்ணீர்க் குளம் இருக்கிறது, அதில் மீனும் இருக்கிறது என்று பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் வேலை விஷயமாக ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் இருந்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நீடராவ்ஸெம் என்ற ஊரில் பழுப்பு நிலக்கரி எரிக்கும் பெரிய மின் நிலையம் இருக்கிறது. அதன் சுடுதண்ணீர் கில்பாக் என்ற சின்ன ஓடையில் விழுகிறது. ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை அந்த ஓடைக்கரையில் நின்றேன். கரையெல்லாம் பனி, காது மடல் மரத்துப் போகிற குளிர். ஓடையிலிருந்து மட்டும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் கப்பி மீன்கள்! நம் ஊரில் கொசுப்புழு தின்னட்டும் என்று கிணற்றிலும் தொட்டியிலும் விடுவோமே, அதே கப்பி. டிரினிடாட், வெனிசுவேலா பக்கத்து மீன். வீட்டுத் தொட்டியில் வளர்த்தவர்கள் கொண்டுவந்து விட்டது, சூடு இருப்பதால் பிழைத்துப் பெருகிவிட்டது. கப்பியோடு திலாப்பியாவும், நாம் சிலேபி என்கிறோமே, அதுவும் அந்த ஓடையில் உண்டு. மின் நிலையத்தை விட்டு விலகிப் போகப் போகத் தண்ணீர் குளிர்ந்துகொண்டே போகும், கூடவே இந்த மீன்களும் குறைந்துகொண்டே போகும். அந்த வட்டாரத்தில் 2030-க்குள் பழுப்பு நிலக்கரி மின்சாரத்தை நிறுத்துவது என்று 2022-இல் முடிவாகிவிட்டது. உலை அணைந்தபின் வருகிற முதல் மார்கழியை அந்தக் கப்பிகள் தாண்டப் போவதில்லை. அந்த எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

சரி, கங்கைகொண்டானுக்கு வருவோம்.

"என்ன மாப்ள, ராத்திரி தூங்குனியா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே அத்தான் கேட்டுக்கு வந்தார். உள்ளே போக அனுமதி முன்பே வாங்கி வைத்திருந்தார். பாய்லருக்குச் சீமைக்கருவேல விறகைத் துண்டு போட்டு மலைபோலக் குவித்திருந்தார்கள். அதைத் தாண்டிப் பின்பக்கம் போனால் குளம். கோயில் தெப்பம் அளவுகூட வராது. டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற நீராவியைத் திரும்பத் தண்ணீராக்குவதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நீராவியின் சூட்டை வாங்கிக்கொண்டு அந்தத் தண்ணீர் கிழக்கு மூலையில் ஒரு தடித்த குழாய் வழியே குளத்தில் விழுகிறது. மேற்குக் கரைக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிடும், அங்கிருந்து பம்ப் மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ராத்திரி பகல் எந்நேரமும் இதே சுற்றுதான்.

"கைய வச்சுப் பாரு. குழாய்ப் பக்கம் வேண்டாம் மாப்ள, பொத்துப் போயிரும்."

பையில் ஒரு தெர்மாமீட்டர் கொண்டுபோயிருந்தேன். கயிறு கட்டிக் குழாய்க்குப் பக்கத்தில் இறக்கினால் 44 காட்டியது. நடுக்கரையில் 38. மேற்கு மூலையில் 33. கிழக்கு மூலையில் ஒரு உயிரும் இல்லை, பாசிகூட வேறு நிறத்தில் துருப்பிடித்த மாதிரி இருந்தது. நடுக்கரையிலிருந்துதான் மீன் தொடங்குகிறது. எல்லாம் சிலேபி. உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நூறு வாய் இருக்கும். கிட்டே உட்கார்ந்தால் சளப் சளப் என்று சத்தம் கேட்டது.

விடிவதற்குள் வரச்சொன்னது இதற்காகத்தான். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சு வாங்குவதால் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்திருக்கிற நேரம் விடியற்காலை. அதோடு சூடு வேறு. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும், 40 டிகிரித் தண்ணீரால் ஆறரைகூட முடியாது. ஆனால் சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் அதிகமாகத்தான் வேண்டும். இருப்பு குறைகிறது, செலவு ஏறுகிறது. அந்த வாய்களைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஜெர்மனி ஓடையில் சூடு என்பது மீனுக்கு வீடு. இங்கே பக்கத்தில் ஓடுகிற சித்தாற்றுத் தண்ணீரே 28, 30 டிகிரி இருக்கும், கப்பிக்கும் சிலேபிக்கும் அதுவே போதும். அதற்குமேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரியும் அவற்றுக்குப் பாரம். அங்கே உலை நின்றால் மீன் செத்துப்போகும். இங்கே உலை நிற்கிற நாளில்தான் மீன் நிம்மதியாக மூச்சு விடுகிறது. வருடாந்திரப் பராமரிப்புக்கு ஆலையை நிறுத்தினால் குளம் முழுக்க, குழாய் வாய் வரைக்கும் மீன் விளையாடும் என்றார் அத்தான். போன சித்திரையில் புதுத்தண்ணீர் சேர்க்கிற பம்ப் ஒரு ராத்திரி நின்றுபோனதாம். காலையில் மூன்று சாக்கு அள்ளினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தண்ணீரின் சூட்டைப் பற்றிய கவலை நம் சீமைக்குப் புதிதில்லை. கூடங்குளத்தில் கடல்நீரை எடுத்துச் சூடாகத் திரும்ப விடுகிறார்கள். எடுத்ததைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது என்பது அங்கே விதித்த நிபந்தனை. அந்தச் சூட்டில் மீன் கரையை விட்டுப் போய்விடுமோ என்று இடிந்தகரைக்காரர்கள் பயந்தார்கள். 7 டிகிரி என்பது காகிதத்தில் சின்ன எண். நடுக்கரைக்கும் மேற்கு மூலைக்கும் நடுவில் நான் கை வைத்துப் பார்த்த வித்தியாசம் அதைவிடக் குறைவு. மீனுக்கு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

சிலேபியும் வந்த மீன்தான். ஆப்பிரிக்காவிலிருந்து உலகம் சுற்றி 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. இன்றைக்கு அது இல்லாத குளம் நம் பக்கம் இல்லை. அது பெருகின இடத்தில் நம் சொந்த மீன்களுக்கு இடம் போய்விட்டது என்று எனக்கு அதன்மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. இந்தக் குளத்துக்கும் சித்தாற்றிலிருந்து குடத்தில் கெண்டை, கெளுத்தி எல்லாம் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்களாம். நின்றது சிலேபியும், யாரோ போட்ட கப்பியும் மட்டும்தான்.

மேற்கு மூலையில் அத்தான் என் தோளைத் தொட்டு, அசையாதே என்று சைகை காட்டினார். கரையோரம் ஒரு தாய்ச் சிலேபி. அதன் முகத்துக்கு முன்னால் அரிசிமணி அளவில் ஐம்பது, அறுபது குஞ்சுகள் மேகம்போல மிதந்தன. சிலேபி முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. நான் லேசாகச் சாய்ந்தேன். என் நிழல் தண்ணீரில் விழுந்த மறுநொடி தாய் வாயைத் திறந்தது. குஞ்சுகள் அத்தனையும் வரிசைகூட இல்லாமல் முண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டன. கடைசியாக ஒன்று மட்டும் வழி தெரியாமல் சுற்றியது. தாய் அதனிடம் போய் அதையும் வாங்கிக்கொண்டது. அப்புறம் தொண்டை உப்பலாக ஆழத்தில் இறங்கிப் போனது.

"வெயிலு ஏறுனா இந்த மூலையும் 35 ஆயிரும்லா மாப்ள. அதான் இதப் போட்டு வச்சிருக்கேன்" என்று காட்டினார். கரையிலிருந்து தண்ணீருக்கு மேலாக நாலைந்து மூங்கில் நீட்டி, அதன்மேல் பனையோலை பரப்பியிருந்தார். யாரும் சொல்லிச் செய்தது இல்லை. லீவு நாளில் ஓலையைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவாராம்.

ஷிப்ட் முடிந்துவிட்டது. பஞ்சிங் போட்டுவிட்டு வந்தவர், சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். காற்றில் சரிந்துபோன ஓர் ஓலையைச் சரிபண்ண இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். நான் கரையிலிருந்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஓலையை இழுத்துப் போட்டுக் கட்டி முடிப்பதற்குள்ளேயே, அவர் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கப்பிகள் அந்த நிழலுக்குள் வர ஆரம்பித்துவிட்டன.