கோணேசர் மலையடியில் ஒரு விடுமுறை நாள் வழக்கு

திருகோணமலைக்குக் கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் பெரும்பாலும் பிரெட்ரிக் கோட்டை வாசலை ஓட்டோவிலேயே கடந்துவிடுவார்கள். கோவில் மலை உச்சியில் இருக்கிறது, பூசை நேரம் தப்பிவிடும் என்ற அவசரம். வாசலைத் தாண்டினால் புள்ளிமான்கள் வேறு நிற்கும், பிள்ளைகளின் கண் அங்கே போய்விடும். இந்த முறை அக்கா குடும்பத்தோடு போனபோது நான் பிடிவாதமாக எல்லாரையும் வாசலிலேயே இறங்கச் சொன்னேன். அக்காவும் அத்தானும் பொஸ்டன் பக்கம் குடியேறி வருடக்கணக்காகிறது. மகன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். இப்போது 14 வயது. அவனுக்கு அந்தக் கல்லைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதை வாசல் கட்டடத்திலேயே பதித்திருக்கிறார்கள். பாண்டியரின் இரட்டைக் கயல், அதோடு தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். போய் நின்றவுடன் ஒன்றும் பிடிபடாது. கண் வெயிலுக்குப் பழகிய பிறகு, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் முதலில் மீன் தெரியும், அப்புறம் ஓர் எழுத்தின் சுழி, அப்புறம் அதற்குப் பக்கத்து எழுத்து. கோணேசர் கோவிலுக்குக் குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று வரும் பழைய பாட்டின் துண்டு அது. திருமலையில், அதாவது திருகோணமலையில், வயதானவர்களைக் கேட்டால் பாட்டை முழுதாகவே சொல்வார்கள்.

பறங்கி பிரித்தது 1622இல். சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி ஊருக்குள் உலா போயிருந்த நேரம் பார்த்து, போர்த்துக்கீசப் படையாட்கள் பூசகர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இடிப்பித்தவன் கொன்ஸ்தந்தீனு த சா என்ற போர்த்துக்கீசத் தளபதி. இடித்த கல்லில் ஒரு பகுதி கடலுக்குள் போனது, இன்னொரு பகுதி கோட்டைச் சுவராகிவிட்டது. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் தங்கள் அரசனின் மகன் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தப் பெயர்தான் இன்றைக்கும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகன், "மாமா, அந்த ஆளுக்கு இங்க லீவு நாள் ஏதும் இருக்கா?" என்றான்.

"கோவிலை இடிச்சவனுக்கு ஆரடா லீவு விடுவினம்?" என்று அக்கா சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "எங்கட நாட்டில விடுகினம்" என்றான்.

அவன் சொன்னது அக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமையை. அமெரிக்கச் சட்டப்படி அன்று கொலம்பஸ் நாள், கூட்டாட்சி அரசின் விடுமுறை. கொலம்பஸ் பகாமாத் தீவுகளில் கரையிறங்கிய 1492 அக்டோபர் 12இன் நினைவு. அவனுடைய பள்ளிக்கூடத்தில் அதே நாளைப் பழங்குடி மக்கள் நாள் என்று அழைக்கிறார்களாம். வகுப்பில் இது பற்றிப் பெரிய வாதமே நடந்திருக்கிறது. அவர்கள் நகரத்துக் கடற்கரைப் பூங்காவில் நின்ற கொலம்பஸ் சிலையின் தலையை 2020 ஜூனில் யாரோ உடைத்துவிட்டார்கள், பிறகு சிலையையே எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் சிலை இல்லை, மறுபக்கம் சட்டத்தில் நாள் இருக்கிறது. பையனுக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும்.

கோட்டையிலிருந்து கோவில் வரைக்கும் ஏற்றம். வழியெல்லாம் கடைகள், விளாம்பழ ஜூஸ், விளையாட்டுச் சாமான். நடந்துகொண்டே எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொன்னேன். கொலம்பஸ் வெறும் மாலுமி இல்லை. இஸ்பானியோலாத் தீவின் ஆளுநராகவும் இருந்தவர். அங்கே வாழ்ந்த தாயினோ மக்களில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தங்கம் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டவர். (உன் வயது, என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தான்.) 1495இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட தாயினோ மக்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி ஸ்பெயினுக்கு அனுப்பினார். வழியிலேயே பலர் செத்துப்போனார்கள். அவருடைய ஆட்சி பற்றிய முறைப்பாடு ஸ்பெயின் அரசியின் காதுக்குப் போய், 1500இல் பொபதில்யா என்ற அதிகாரி வந்து அவரை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பினார். இந்தக் காலத்து நியாயத்தை அந்தக் காலத்து மனிதர் மேல் போடக்கூடாது என்று சொல்கிறவர்களுக்கு இதை நான் எப்போதும் நினைவுபடுத்துவேன். அவர் காலத்திலேயே அவர் மேல் வழக்கு இருந்தது.

கோவில் முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டோம். இப்போதுள்ள கோவில் கடந்த நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. பின்பக்கம் மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அந்த நீருக்கடியில்தான் 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோவிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் பார்த்தார்கள். மருமகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தபடி நின்றான்.

எனக்கு அங்கே நின்றபோது மனதில் பட்டது இது. திருமலை எதையும் மறக்கவில்லை. இடித்தவன் பெயர் தெரியும், வருடம் தெரியும், கல் எங்கே போனது என்றும் தெரியும். அதற்கு அவன் பெயரில் ஒரு நாள் யாருக்கும் தேவைப்படவில்லை. இலங்கையில் விடுமுறைகளுக்குப் பஞ்சமே இல்லை: மாதாமாதம் பௌர்ணமிப் போயா, பொங்கல், சிவராத்திரி, நோன்புப் பெருநாள், நத்தார். கப்பலில் வந்து இறங்கிய எந்த வெள்ளைக்காரனுக்கும் அதில் இடமில்லை. அதனால் எங்கள் வரலாறு ஒரு வரிகூடக் குறைந்துபோகவில்லை. கொலம்பஸ் நாளை எடுத்தால் வரலாற்றையே அழித்ததாகிவிடும் என்கிறவர்களை என்னால் ஏற்கமுடியாததற்கு இதுதான் காரணம். வரலாறு புத்தகத்திலும் கல்லிலும் இருக்கும். அரசு கதவைப் பூட்டி, பள்ளிக்கூடத்தை மூடி, ஒருவர் பெயரைச் சொல்லி எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் மரியாதை. செத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதில் பங்குகொள்ள வேண்டியிருக்கிறது. அது அநியாயம்.

அன்று இரவு உப்புவெளியில் தங்கிய இடத்தில் அத்தான் எதிர்க்கட்சி ஆகிவிட்டார். பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே பேச்சு நீண்டது. அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் இத்தாலியப் பரம்பரை. வருடா வருடம் ஊர்வலத்துக்குப் போகிறவர். "அந்தச் சனத்துக்கு அது கொலம்பஸின்ர நாள் இல்லையடா தம்பி, தங்கட அப்பப்பாமாரின்ர நாள். நீ புத்தகத்தைப் பாத்துக் கதைக்கிறாய்" என்றார்.

அத்தான் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிவிட எனக்கு மனமில்லை. 1891இல் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில் 11 இத்தாலியர்களை ஒரு கூட்டம் சிறைக்குள் புகுந்து கொன்றது. அடுத்த வருடம் கொலம்பஸ் வந்த 400ஆவது ஆண்டு என்று சொல்லி, ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் அந்த நாளைக் கொண்டாட அறிவித்தார். கேவலமாக நடத்தப்பட்ட ஒரு குடியேறிய சமூகத்துக்கு, நாங்களும் இந்த நாட்டுக்காரர்தான் என்று தலைநிமிர்ந்து சொல்ல அது ஒரு வழியாக இருந்தது. புலம்பெயர்ந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதை லேசாக எடுத்தெறிய முடியுமா? அக்காவின் கண்ணே கலங்கிவிட்டது. அவர்கள் போன புதிதில் பட்டதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்.

ஆனால் அந்த அப்பப்பாமாருக்கு நாள் கொடுக்கலாமே, கொலம்பஸ் எதற்கு என்று கேட்டேன். டிரினிடாட் தீவில் அப்படித்தான் செய்தார்கள். கொலம்பஸ் அந்தத் தீவைக் கண்டதற்காக அங்கேயும் ஒரு விடுமுறை இருந்தது. 1985இல் அதை எடுத்துவிட்டு, அடிமைகள் விடுதலையான ஓகஸ்ட் 1ஐ விடுமுறையாக்கினார்கள். பிறகு இன்னொன்றும் வந்தது. 1845 மே 30இல் ஃபதேல் ரஸாக் என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்து இறங்கியவர்களின் நினைவாக மே 30 அங்கே பொது விடுமுறை. கரும்புத் தோட்டத்துக்கு வந்த சனத்துக்கு ஒரு நாள்! கப்பல் ஓட்டியவனை விட்டுவிட்டு, கப்பலில் மூட்டைமுடிச்சோடு வந்தவர்களைக் கொண்டாடுவது எனக்கு எவ்வளவோ பிடித்திருக்கிறது. இத்தாலியர்களுக்கும் அப்படி ஒரு நாள் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஊர்வலம் போகட்டும், அத்தானும் கூடவே போகட்டும். அத்தான் "ம்" என்றார். அதற்கு மேல் இறங்கிவரவில்லை.

மறுநாள் மூதூர். முன்பென்றால் கிண்ணியாவில் பாதைப்படகுக்காகக் காத்திருக்க வேண்டும். 2009இல் திறந்த பாலம் 396 மீற்றர் நீளம், வான் நிற்காமலே கடந்துவிட்டது. கொட்டியாரக் குடாவில் றொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி வந்திறங்கிய இடத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிட வந்த நொக்ஸும் அவருடைய தகப்பனும் 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்துபோனார். மகன் 19 வருடம் கழித்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் அவர் எழுதிய புத்தகம் இல்லையென்றால் அந்தக் காலத்துக் கண்டி நாட்டு மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி உழுதார்கள் என்பதில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும். அவர் பிடிபட்ட இடம் என்று சொல்லப்படும் மரத்தை மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே ஒரு கல்லும் நட்டிருக்கிறார்கள்.

இதே நொக்ஸ் ஊருக்குத் திரும்பியபின் கப்பல் தலைவனாகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கி ஏற்றியவர். 19 வருடம் பிறர் பிடியில் கிடந்த மனிதர்! இதை முதல் தடவை படித்தபோது எனக்கு இரண்டு நாள் மனம் ஆறவில்லை. அவருடைய கல் மூதூரில் இருக்கட்டும், புத்தகத்தை நம் பிள்ளைகள் படிக்கட்டும், அடிமை வியாபாரத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். நொக்ஸ் நாள் என்று ஒன்று கேட்டால் அது வேறு பேச்சு.

திரும்புவதற்கு முன் அநுராதபுரம் வீதியால் திரும்பிப் பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரைக்குப் போனோம். அதிகம் பேர் போவதில்லை, மரநிழலும் செங்கல் இடிபாடுமாக அமைதியான இடம். தமிழர் நாதனார் கோவில் என்பார்கள். சோழர் காலத்தில் இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். ஒரு பௌத்த விகாரைக்குத் தமிழர்கள் விளக்கும் பசுவும் கொடுத்ததைத் தமிழிலேயே கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

மருமகன் உற்சாகமாகிவிட்டான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் எல்லாம் படித்திருக்கிறான். இராசேந்திரன் கப்பற்படை பற்றி ஒரு பேச்சும் பேசியிருக்கிறான். எனக்கும் அந்தப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அவனிடம் மீதியையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. 1017இல் சோழர் படை சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துக்கொண்டுபோனது. அவன் சோழ நாட்டிலேயே இருந்து செத்தான். விகாரைகளில் தாது வைத்த அறைகளை உடைத்துப் பொன்னை அள்ளிப்போனார்கள் என்று சிங்கள அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் பழைய பாளி நூலான சூளவம்சம் எழுதியிருக்கிறது. கோணேசர் கோவிலின் கல்லை நாங்கள் நினைத்திருப்பதைப்போல, அதை நினைத்திருக்கிறவர்களும் இதே திருமலையில் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள்.

இராசேந்திரனைப் பற்றிப் படிக்கவேண்டும், இன்னும் நிறையப் படிக்கவேண்டும். இந்தத் தீவில் அவன் பெயரில் ஒரு விடுமுறை கேட்டு யாராவது மனுக் கொண்டுவந்தால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். கொலம்பஸுக்குச் சொன்னதை நமக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அத்தானுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "எங்களுக்கெண்டு மிஞ்சியிருக்கிறதையும் விட்டுக்குடுக்கச் சொல்லுறாய் என்ன?" என்று டவுன் பஸ் நிலையம் வரும்வரை வாதாடினார். விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை அத்தான், அந்த விகாரைக்கு விளக்குக் கொடுத்த தமிழரின் பெயரில் வேண்டுமானால் ஒரு நாள் கேட்போம், நானே மனு எழுதுகிறேன் என்றேன்.